வண்டி வந்தது, படம் வரவில்லை: சின்ன ஸ்டேஷனில் பாசஞ்சர் எடுப்பவருக்கு

திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை போகும் ஒற்றைப் பாதையில் அம்பாசமுத்திரத்தைத் தாண்டினால் வரிசையாகச் சின்னச் சின்ன ஸ்டேஷன்கள். ஆழ்வார்குறிச்சி, ராவணசமுத்திரம், கீழக்கடையம். மேற்கே மலை, சுற்றிலும் வயல், பிளாட்பாரத்தில் நாலைந்து பெஞ்சு. நூறு வருஷத்துக்கு மேல் மீட்டர் கேஜாக ஓடிய பாதை 2012-ல் அகலப் பாதையாகி, இப்போது மேலே மின்கம்பியும் வந்துவிட்டது. பாசஞ்சர் வண்டியைப் படம் எடுக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

ஒரே சிக்கல், இங்கே ஒரு வண்டியைக் கோட்டை விட்டால் அடுத்ததற்கு மணிக்கணக்கில் வேப்பமரத்தடியில் உட்கார வேண்டும். கோளாறு என்ன என்பதும் வீட்டுக்குப் போய்ப் பெரிய திரையில் பார்க்கும்போதுதான் தெரியும். அதனால் படத்தில் என்ன தெரிகிறதோ அதை வைத்தே காரணத்தைத் தேடும்படி எழுதியிருக்கிறேன். உங்கள் படத்தில் இருக்கும் கோளாறைக் கண்டுபிடித்து அந்த இடத்திலிருந்து படியுங்கள். முழுக்கப் படித்தாலும் குற்றமில்லை.

படமே இல்லை, வண்டி போய்விட்டது

சிரிக்காதீர்கள், எனக்கு அதிகம் நேர்ந்தது இதுதான். டீ குடிக்கப் போன நேரத்தில் வண்டி வந்து, நின்று, போய்விடும். சின்ன ஸ்டேஷனில் பாசஞ்சர் நிற்பது ஒரு நிமிஷம், மிஞ்சினால் இரண்டு.

கால அட்டவணையை மட்டும் நம்பி வராதீர்கள். ரயில்வேயின் என்.டி.இ.எஸ். செயலியில் வண்டி கடைசியாக எந்த ஸ்டேஷனைத் தாண்டியது என்று தெரியும். முந்தைய ஸ்டேஷனை விட்டுவிட்டதா என்பதே உங்களுக்கு வேண்டிய தகவல். ஒற்றைப் பாதை என்பதால், எதிரே வரும் வண்டிக்காக ஏதாவதொரு ஸ்டேஷனில் காத்திருப்பது வழக்கம். அப்படிக் கிராசிங் விழுந்தால் உங்களுக்கு யோகம்: ஒரு வண்டி நின்றுகொண்டிருக்க, இன்னொன்று வரும்.

வண்டி எண்ணையும் சரிபாருங்கள். கொரோனா காலத்தில் பாசஞ்சர்கள் பூஜ்ஜியத்தில் தொடங்கும் ஸ்பெஷல் எண்ணோடு ஓடின. பழைய பட்டியலை வைத்துக்கொண்டு தேடினால் குழப்பம்தான். வழக்கமான எண்களில் 5-ல் தொடங்குவது சாதாரண பாசஞ்சர், 6 என்றால் மெமு (மின்சாரத்தில் தானே ஓடும் பெட்டித்தொடர்), 7 என்றால் டெமு (அதுவே டீசலில் ஓடுவது). இது படத்துக்கும் உதவும்: மெமுவில் எஞ்சின் தனியாக இராது, முன்பெட்டியின் முகம் தட்டையாக இருக்கும், நிற்கும் இடமும் கொஞ்சம் மாறும்.

செயலி காலை வாரினால் கண்ணையும் காதையும் நம்பலாம். பக்கத்து லெவல் கிராசிங் கேட் மூடினால், புறப்பாட்டு சிக்னல் நிறம் மாறினால், பெஞ்சில் இருந்தவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தால் கேமராவைக் கையில் எடுங்கள். தண்டவாளத்தில் காதை வைத்துக் கேட்பதெல்லாம் சினிமாவோடு போகட்டும்.

ஹெட்லைட் மட்டும் வெள்ளை. எஞ்சினின் முகம் இருட்டு

பகலிலும் எஞ்சின் ஹெட்லைட் எரிந்துகொண்டேதான் வரும். கேமரா அந்த வெளிச்சத்தைப் பார்த்து மிரண்டு, படம் முழுவதையும் இருட்டாக்கிவிடுகிறது. நேர் எதிரே நின்று எடுத்தால் இது கட்டாயம் நடக்கும்.

போனில் எடுப்பவர்கள் வண்டி வருமுன்பே பக்கத்துத் தண்டவாளத்திலோ பிளாட்பாரத் தரையிலோ விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டிவிடுங்கள். பூட்டியபின் ஹெட்லைட் என்ன ஆட்டம் போட்டாலும் படம் மாறாது. கேமராவில் மேனுவலுக்குப் போய், வண்டி வராதபோதே வெளிச்ச அளவை நாமே வைத்துவிடுவது உத்தமம். காலி பிளாட்பாரத்தில் ஒரு சோதனைப் படம் எடுத்து ஹிஸ்டோகிராமை, அதாவது படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடத்தைப் பாருங்கள். வெள்ளையடித்த எஞ்சின் வரப்போகிறது என்று தெரிந்தால் அரை ஸ்டாப் (வெளிச்ச அளவில் அரைப் படி) குறைத்து வையுங்கள். வெள்ளை எரிந்துபோனால் பிறகு எந்தச் செயலியாலும் மீட்க முடியாது; நிழலைக் கொஞ்சம் தூக்கிவிடலாம்.

இன்னொரு எளிய வழி, பாதைக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் ஒதுங்கி நிற்பது. ஹெட்லைட்டின் கற்றை நேரே போகும். கொஞ்சம் விலகினாலே அதன் வேகம் பாதியாகத் தணியும்.

படம் கலங்கல்

இதில்தான் பலரும் தவறான மருந்தைச் சாப்பிடுகிறார்கள். கலங்கல் என்பது ஒரு நோய் கிடையாது, குறைந்தது நாலு. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

வண்டி கலங்கி, பிளாட்பாரமும் பெஞ்சும் தெளிவாக இருந்தால் ஷட்டர் வேகம், அதாவது ஷட்டர் திறந்து மூடும் வேகம், போதவில்லை. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 60 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடிக்குப் பதினாறரை மீட்டருக்கு மேல் ஓடும். 1/250 நொடியில் எடுத்தால் படம் பதியும் நேரத்துக்குள்ளேயே வண்டி கிட்டத்தட்ட 7 செ.மீ. நகர்ந்துவிடும். பெட்டி எண்ணில் ஒரு கோட்டின் அகலமே அவ்வளவு இராது, பிறகு எங்கே படிப்பது? 1/1000-ல் அது ஒன்றரை செ.மீ. சொச்சமாகக் குறையும். பக்கவாட்டில் ஓடும் வண்டிக்கு 1/1000; உங்களை நோக்கிச் சாய்வாக வரும் வண்டிக்கு 1/500 போதும்.

ஆனால் நாம் எடுப்பது பாசஞ்சர். அது நிற்கப் போகிற வண்டி! எக்ஸ்பிரஸ் எடுப்பவர்கள்போல ஐ.எஸ்.ஓ.வை (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவை) வானத்துக்கு ஏற்றிக்கொண்டு தவிக்க வேண்டியதில்லை. வேகம் தணிந்து பிளாட்பாரத்துக்குள் நுழையும் கடைசி நூறு மீட்டரில் எடுத்தால் 1/250-லேயே காரியம் முடியும். நான் பத்து வருஷமாக வண்டி தூரத்தில் தெரிந்ததுமே சுட ஆரம்பித்து, அது பக்கத்தில் மெதுவாக வரும்போது மெமரி கார்டு நிரம்பிப்போய்த் தவித்திருக்கிறேன்.

வண்டியும் பிளாட்பாரமும் சேர்ந்தே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் ஆடியது உங்கள் கை. இந்தப் பக்கம் ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று ஆளையே தள்ளும். பெஞ்சின் முதுகில் அல்லது சுவரில் சாய்ந்துகொள்ளுங்கள்.

வண்டி மங்கல், ஆனால் முன்னால் இருக்கும் செடியோ மின்கம்பியோ கத்திபோலத் தெளிவு என்றால் ஃபோகஸ் தப்பான இடத்தில் பிடித்துவிட்டது. இதற்குத் தானியங்கி ஃபோகஸை நம்பாமல், வண்டியின் மூக்கு எந்த இடத்துக்கு வரும்போது எடுக்கப்போகிறீர்களோ அந்த இடத்து ஸ்லீப்பர் கட்டையில் முன்கூட்டியே ஃபோகஸ் செய்து, மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். எந்தக் கட்டை என்று மறந்துபோகும் என்றால் ஏதாவது ஒரு மின்கம்பத்தை அடையாளம் வைத்துக்கொள்ளலாம். தூரம் அறியவும் கட்டைகளே அளவுகோல்: ஒரு கிலோமீட்டருக்கு 1,660 கட்டை என்பது வழக்கமான கணக்கு, அதாவது கட்டைக்குக் கட்டை ஏறத்தாழ 60 செ.மீ. ஐம்பது கட்டை எண்ணினால் முப்பது மீட்டர்.

நாலாவது, எல்லாமே லேசாக நெளிகிறது, தண்ணீருக்குள் பார்ப்பதுபோல. அது கானல். பத்து மணிக்கு மேல் ஜல்லி சூடேறி, அதன் மேலிருக்கும் காற்று அலைய ஆரம்பிக்கும். 200, 300 மி.மீ. லென்ஸால் தூரத்து வண்டியை இழுத்தால் நெளிவும் சேர்ந்தே இழுபடும். இதற்கு ஷட்டரிலும் மருந்தில்லை, விலையுயர்ந்த லென்ஸிலும் மருந்தில்லை. வண்டி பக்கத்தில் வரும்வரை பொறுங்கள், அல்லது காலை வண்டிக்கு வாருங்கள்.

இத்தனையும் பார்த்தபின், போன் லென்ஸில் விரல் எண்ணெய் இருக்கிறதா என்று கடைசியாகப் பாருங்கள். முதலில் பார்த்திருக்க வேண்டும், சரி.

பெட்டிகள் சாய்ந்து நிற்கின்றன, ஜன்னலெல்லாம் கோணல்

கூரை பின்தங்கி, சக்கரம் முந்திப்போனதுபோல வண்டியே சரிந்து தெரிகிறதா? லென்ஸில் குறையில்லை. போனும், சத்தமில்லாத மின் ஷட்டரில் ஓடும் கேமராவும் காட்சியை ஒரே மூச்சில் பதிவதில்லை. மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கின்றன. அதற்கு 1/30 நொடி ஆகிறது என்று வையுங்கள். 90 கி.மீ. வேகத்தில் அதற்குள் வண்டி 80 செ.மீ.க்கு மேல் ஓடிவிடும். படத்தின் பாதி உயரத்தை வண்டி அடைத்திருந்தால் கூரைக்கும் சக்கரத்துக்கும் இடையே ஒரு முழம் சரிவு. ஷட்டர் வேகத்தை 1/4000-க்கு ஏற்றினாலும் இது போகாது. கோணல் தெளிவாகத் தெரியும், அவ்வளவுதான்.

கேமராவில் மெக்கானிக்கல் ஷட்டர் இருந்தால் அதற்கு மாறுங்கள். போனில் அந்த வசதி கிடையாது. பக்கவாட்டில் எடுக்காமல் வண்டி சாய்வாக எதிரே வரும் கோணத்தில் எடுங்கள். போனைச் செங்குத்தாகப் பிடித்தால் கோணல் மறைந்து வண்டி நீளும் அல்லது சுருங்கும்; அதைக் கண்டுபிடிப்பவர் அரிது.

எஞ்சின் தலையில் கம்பம் முளைத்திருக்கிறது

மின்மயமான பிறகு வந்த தொந்தரவு. எடுக்கும்போது மனசு வண்டியிலேயே இருப்பதால் கம்பம் கண்ணில் படுவதில்லை.

வண்டி வருவதற்கு முன் காலிப் பாதையைப் பாருங்கள். கம்பங்கள் பெரும்பாலும் ஒரு பக்கமாக வரிசை கட்டியிருக்கும். அவை வண்டிக்குப் பின்னால் வரும்படி எதிர்ப்பக்கம் நிற்பது முதல் வேலை. பிறகு, எஞ்சினின் மூக்கு இரண்டு கம்பங்களுக்கு நடுவே வரும் இடத்தைக் குறித்துக்கொண்டு, அந்தக் கணத்துக்காகக் காத்திருங்கள். தொடர்ச்சியாகச் சுடும் வசதி இருந்தால் ஒரு நொடி முன்னதாகவே ஆரம்பியுங்கள்.

கம்பத்துக்கு மேல் பார்க்கலாமே என்று செல்ஃபிக் கம்பையோ முக்காலியையோ தலைக்கு மேல் தூக்காதீர்கள். மேலே ஓடுவது 25,000 வோல்ட். தொட வேண்டும் என்பதில்லை, நெருங்கினாலே பாயும். இரண்டு மீட்டருக்குள் எந்தப் பொருளும் போகக்கூடாது. மேம்பாலத்துக் கம்பி வலைக்குள் கையை விடுவதும் இதில் சேர்த்தி.

வண்டி வெளிச்சம், மலை சாம்பல். அல்லது மலை தெளிவு, வண்டி கருப்பு

தவறான வேளையில் வந்திருக்கிறீர்கள். அம்பாசமுத்திரத்துக்கு அப்பால் பாதை வடமேற்காகத் தென்காசியை நோக்கித் திரும்புகிறது, மலை மேற்கில். காலையில் பாதைக்குக் கிழக்கே நின்றால் வெயில் உங்கள் முதுகில், வண்டியின் பக்கமும் மலையின் முகமும் ஒரே வெளிச்சத்தில். ஒன்பதரை வரை இது நிற்கும். சாயங்கால வண்டிக்கு மலை நிழல் உருவமாகத்தான் வரும். அப்போது வண்டியையும் நிழலாகவே எடுத்துவிடுங்கள், இரண்டையும் காப்பாற்ற நினைத்தால் எச்.டி.ஆர். (வெவ்வேறு வெளிச்சத்தில் எடுத்த படங்களை ஒன்றாக்கும் முறை) வைத்து இரண்டையும் கெடுப்பீர்கள்.

உச்சிவேளை வேண்டாம். இந்த அட்சரேகையில் சித்திரை பிறக்கும் சமயத்திலும் ஆவணி நடுவிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சந்தலையில் நிற்கும். கூரை பளபளக்கும், பெட்டியின் பக்கம் இருளும், சக்கரம் இருந்த இடம் தெரியாது. இன்னொன்று பலர் கவனிப்பதில்லை: இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட வைகாசி, ஆனி, ஆடியில் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். சேரன்மகாதேவி, வீரவநல்லூர் பக்கம் பாதை கிழக்கு மேற்காக ஓடுகிறது. அங்கே தை மாசம் வெயில் விழுந்த பக்கத்தில் ஆனி மாசம் நிழல் விழும். போன தடவை நின்ற இடத்திலேயே போய் நின்றுவிட்டு, என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள்.

குற்றால சீசனில் மலை மேகத்துக்குள் போய்விடும். சாரலுக்கு அழகு உண்டு, மலைக்காக வந்தவருக்கு ஏமாற்றம். என்னைக் கேட்டால் மார்கழியும் தையும்தான். மழை கழுவிய காற்று, பிசான நெல் பச்சையாக நிற்கும்.

வண்டி மேல் புள்ளி புள்ளியாய் நிழல் விழுந்திருந்தால் அது வேப்பமரம். பத்தடி தள்ளி நில்லுங்கள்.

வண்டியின் டிஜிட்டல் போர்டில் பாதி எழுத்தைக் காணோம்

எல்.இ.டி. எழுத்துகள் எல்லாம் ஒரே சமயத்தில் எரிவதில்லை. வரிசை வரிசையாக மின்னி மின்னி நம் கண்ணை ஏமாற்றுகின்றன. 1/1000-ல் எரிந்துகொண்டிருந்த வரிசை மட்டும் சிக்கும். வண்டி நின்றபின் 1/60-ல் எடுங்கள், ஊர்ப் பெயர் முழுசாக வரும். பிளாட்பார விளக்கில் கோடு கோடாக விழுந்தால் 1/50 அல்லது 1/100 வையுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்.

மஞ்சள் பலகை தெளிவு, வண்டி மங்கல்

ஊர்ப் பெயரும் கடல்மட்டத்திலிருந்து உயரமும் எழுதிய அந்த மஞ்சள் பலகையும் வண்டியும் ஒரே படத்தில் வேண்டும் என்று எல்லாருக்கும் ஆசை. பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் மோடை முதலில் அணையுங்கள். கேமராவோடு வரும் சாதாரண லென்ஸை 18 மி.மீ.யில் வைத்து, எஃப் 8-ல் (எஃப் என்பது லென்ஸின் திறப்பைக் குறிக்கும் எண்), இரண்டரை மூன்று மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் வைத்தால் ஒன்றரை மீட்டரிலிருந்து மலை வரைக்கும் தெளிவாக வரும். இதற்குமேல் இதில் சூட்சுமம் இல்லை.

வண்டி ஆவிபோல, உள்ளே மரம் தெரிகிறது

போனின் இரவு மோடு இரண்டு மூன்று நொடி திறந்திருக்கும். அதற்குள் வண்டி பாதி தூரம் போய்விடும். நிற்கும்போது மட்டும் இரவு மோடு, ஓடும்போது அணைத்துவிடுங்கள். ஒளிக்கோடுதான் வேண்டும் என்றால் முக்காலியில் வைத்து எட்டு நொடி கொடுக்கலாம்; இந்தப் பாதையில் பாலருவி எக்ஸ்பிரஸ் ராத்திரியில்தான் போகும், அதற்கு ஏற்ற வண்டி. ஃபிளாஷ் மட்டும் எந்த நிலையிலும் வேண்டாம். எதிரே எஞ்சினை ஓட்டுபவரின் கண்ணில் அடிக்கும்.

எடுக்கவே விடவில்லை

ஒரு ஸ்டேஷனில் முக்காலியை விரித்து ஐந்து நிமிஷம் ஆகவில்லை, "யாருங்க நீங்க? எதுக்கு எடுக்கீங்க?" என்று ஒருவர் வந்துவிட்டார். தப்பு என்னுடையது. மூட்டையும் முக்காலியுமாக நேரே பிளாட்பாரக் கோடிக்குப் போய் நின்றால் யாருக்கும் சந்தேகம் வரும்.

பிளாட்பாரம் டிக்கெட் எடுங்கள். அது கிடைக்காத இடத்தில் அடுத்த ஊருக்குச் சாதாரண டிக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஸ்டேஷன் மாஸ்டர் அறை வாசலில் நின்று, "சார், வணக்கம். ரெண்டு வண்டி போட்டோ எடுத்துக்கிடலாமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான், வாதாடாதீர்கள். சரி என்றால் கிராசிங் எங்கே என்பதுகூட அவர் வாயிலிருந்தே வந்துவிடும். வியாபாரத்துக்கோ குறும்படத்துக்கோ எடுப்பதானால் ரயில்வேயிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும்.

தண்டவாளத்தில் இறங்கினால் 1989-ஆம் வருஷத்து ரயில்வே சட்டம் 147-ஆம் பிரிவு காத்திருக்கிறது: ஆறு மாசம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஊர்க்காரர்கள் இறங்கிக் குறுக்கே போகிறார்களே என்று நீங்களும் இறங்காதீர்கள். லென்ஸ் வழியாகப் பார்ப்பவனுக்குத் தூரம் தெரியாது. மின் எஞ்சினோ பழைய டீசல்போல ஊரைக் கூட்டிக்கொண்டு வராது.

எல்லாம் சரி, ஆனாலும் படம் சப்பென்று இருக்கிறது

இதற்கு ஷட்டரைக் குறை சொல்ல முடியாது. பாசஞ்சரை எக்ஸ்பிரஸ்போல எடுத்தால் இப்படித்தான் வரும்: எஞ்சின், பின்னால் பெட்டிகள், வேறொன்றும் இல்லை.

ஒரு காலை, எஞ்சினைத் துரத்தித் துரத்தி எடுத்துவிட்டுக் கேமராவை மூடினேன். பெஞ்சில் பூக்கூடையோடு இருந்த ஆச்சி, "என்ன தம்பி, வண்டி இன்னும் கெளம்பவேயில்ல, அதுக்குள்ள பெட்டியக் கட்டிட்டிய?" என்றார். திரும்பிப் பார்த்தேன். தாழ்வான பிளாட்பாரம் என்பதால் ஒரு தாத்தா படியில் ஏற முடியாமல் நிற்க, மேலிருந்து இரண்டு கை கீழே நீண்டிருந்தது. ஜன்னல் வழியாக ஒரு தூக்குவாளி உள்ளே போனது. கடைசிப் பெட்டியில் கார்டு, இப்போது டிரெயின் மேனேஜர் என்று பெயர், பச்சைக் கொடியைப் பாதி விரித்தபடி தாத்தா ஏறி முடிக்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கேமராவைத் திரும்ப எடுத்து மூடியைக் கழற்றுவதற்குள் கொடி விரிந்துவிட்டது. இப்போதெல்லாம் வண்டி நின்றதும் எஞ்சினை விட்டுவிட்டுப் பின்பக்கம் நடக்கிறேன். 35 மி.மீ., எஃப் 5.6, 1/250.